இரண்டு டம்ளர்களைத் தோண்டியெடுத்தால்

(காலாண்டு விடுமுறை முடிந்த வாரத்தில் மதுரையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

எங்கள் பகுதி மாலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் 23 பேரைக் காலாண்டுப் பரீட்சை லீவில் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அருங்காட்சியகங்களுக்குக் கூட்டிப் போவது என்று முடிவெடுத்தோம். முதல் மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை. நம் தோழர்களிடமிருந்தே வந்தது. அதுவும் இரண்டு திசைகளிலிருந்து.

ஒருவர் சொன்னார்: "மியூசியம்ங்கிறது ஆண்டவனுங்க வீட்டு அலமாரி. வாளு, பல்லக்கு, செப்புச் சிலை, பட்டயம். நம்ம கிட்ட அடிச்சுப் புடுங்குனதை எல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சு லைட்டுப் போட்டிருக்கான். அதைப் பார்க்க நம்ம பிள்ளைக வரிசையில நிக்கணுமா?" இன்னொருவர் நேர்மாறு. "நேரா கீழடிக்குப் போங்க. அங்க சாதியும் இல்ல, சாமியும் இல்ல. ரெண்டாயிரத்து அறுநூறு வருசத்துக்கு முன்னாடி நாம எல்லாரும் தமிழனா ஒண்ணா இருந்தோம்னு பிள்ளைக மனசுல பதியட்டும்."

இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் உள்ளே போகாமலே 'ஒண்ணுமில்லை' என்கிறார். மற்றவர் உள்ளே போகுமுன்னே 'எல்லாம் இருக்கு' என்கிறார். பொருளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இருவரிடமும் பதில் தயாராக இருக்கிறது. நாங்கள் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தோம். பதில் எழுத வேண்டாம், கேள்வி மட்டும் எழுதுங்கள் என்று சொன்னோம். இன்று நான் பேசப் போவதில் பாதிக்கு மேல் அந்த நோட்டுகளிலிருந்து எடுத்தது.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் மியூசியத்துக்குள் போனதே இல்லை என்று நினைக்காதீர்கள். போயிருக்கிறார்கள். மூக்கை அளக்கக் கொடுப்பதற்காகப் போயிருக்கிறார்கள்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. சென்னைச் சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. இதைவிடச் சரியான பெயரை எந்தப் பேராசிரியரும் வைத்திருக்க முடியாது. அந்தச் செத்த காலேஜுக்கு 1885இல் கண்காணிப்பாளராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன். இருபது வருசத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் பூச்சி, மீன், முத்துச்சிப்பியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மனிதர்களையும் அளந்தார். மண்டையின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மூக்கின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கருவி வைத்து அளந்தார். பயணம் போன இடங்களில் அளந்தார், மியூசியத்திலேயே வைத்தும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் இன்றைக்கும் நூலகங்களில் கனமாக உட்கார்ந்திருக்கின்றன. உங்களில் ஆய்வு செய்கிற மாணவர்கள் அதைப் புரட்டாமல் பட்டம் வாங்க முடியாது.

எதற்கு இந்த மூக்களவு? 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி ஒரு கோட்பாடு வைத்திருந்தார். மூக்கு அகலமாக அகலமாக சாதி கீழே இறங்கும் என்பது அவருடைய கணக்கு. எங்கள் வங்கியில் நகைக்கடனுக்கு வருகிற தங்கத்தை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பார். அதுமாதிரி மூக்கை உரசி மனிதனுக்கு மாற்றுப் பார்த்தார்கள். இந்த அளவுகளை அம்பேத்கர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. 1948இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் அந்த மூக்களவுக் கணக்குகளையே எடுத்துப் போட்டு, பிராமணனும் தீண்டப்படாதவனும் ஒரே இனம் என்றுதான் உங்கள் கணக்கே சொல்கிறது என்று திருப்பி அடித்தார். அலமாரியைப் பூட்டிவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அலமாரிக்குள் கையை விட்டு, அவர்கள் வைத்ததை எடுத்து அவர்கள் முன்னாலேயே போட்டார். முதல் தோழருக்கு என் பதில் இதுதான்.

இனி மதுரைக்கு வருகிறேன்.

முதல் நாள் தமுக்கம். காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் பெயரோடு சொல்லப்படுகிற அரண்மனை. பிறகு அதில் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்தார்கள். 1959 ஏப்ரல் 15ஆம் தேதி நேரு அதை அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, ரத்தக்கறையோடு அங்கே இருக்கிறது. அதன் முன்னால் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றார்கள். அந்தத் துணியைக் கேலி பேசுகிற ஆள் நானில்லை. சுட்டது எந்தக் கருத்து என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அது இன்னும் சாகவில்லை என்பதும் தெரியும்.

ஆனால் துணியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, இதே மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு அரைத்துணிக்கு மாறினார். ஏழைக்குத் துணி இல்லை, எனக்கும் வேண்டாம் என்றார். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரியும். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டாள்: "அண்ணே, எங்க அப்பத்தாவோட அப்பா படம் ஒண்ணு வீட்டுல இருக்கு. அவரும் சட்டை போடாமத்தான் இருக்காரு. அவரு எப்பக் கழட்டுனாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பக்கத்து ஜில்லாவுக்குப் போக வேண்டும். 1930 டிசம்பர். அன்றைய ராமநாதபுரம் ஜில்லா. ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதி நாட்டார்கள் எட்டுக் கட்டளை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் தன்னுடைய நூலில் இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். பொன் நகை, வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பிளைகள் வேட்டியை முழங்காலுக்குக் கீழே விடக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏற்றக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பொம்பளைகள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் போனது, ஆடுமாடு போனது. அதுவும் போதவில்லை என்று 1931 ஜூனில் பதினோரு கட்டளை. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. மிராசுதார் மாட்டை மேய்க்கத்தான் பிள்ளைகள்.

காந்தி மதுரையில் சட்டையைக் கழற்றி ஒன்பது வருசம் கழித்து, கூப்பிடு தூரத்தில், நம் ஆட்கள் சட்டை போட்டதற்காகக் குடிசை எரிந்திருக்கிறது. நான் இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பொண்ணு நோட்டில் எழுதியது: 'அவர் கழற்றியது அவர் இஷ்டம். எங்க பூட்டன் போடாமல் இருந்தது அடுத்தவன் இஷ்டம்.' கேள்வி மட்டும் எழுது என்று சொல்லியிருந்தோம். மீறிவிட்டாள். சந்தோஷம்தான்.

சேரிக்குச் சேரி கோட்டுப் போட்ட அம்பேத்கர் சிலை ஏன் நிற்கிறது, அந்தக் கோட்டைப் பார்த்தால் ஏன் சிலருக்குக் கை அரிக்கிறது என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இந்தக் கட்டளைகளில் இருக்கிறது. மற்ற தலைவர்கள் பொருளுக்குக் கண்ணாடிப் பெட்டி. நம் தலைவர் சிலைக்கு எத்தனையோ ஊர்களில் இரும்புக் கூண்டு.

இன்னொன்றையும் கவனித்தேன். காலாண்டு லீவு வாரமே நமக்கு ஒரு வரலாற்று வாரம். செப்டம்பர் 22 அரைத்துணி. செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம். 1932இல் ஏரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். தனி வாக்காளர் தொகுதி என்கிற உரிமையை விட்டுக்கொடுத்து அம்பேத்கர் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. 71 இடம் 148 இடமாக ஆனது, ஆனால் யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற கை மாறிப் போனது. அக்டோபர் 2 வந்ததும் லீவு முடியப் போகிறது. பள்ளிக்கூடம் இந்த மூன்றில் இரண்டைத்தான் கொண்டாடுகிறது.

ஆயிரங்கால் மண்டபத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். மீனாட்சி கோயிலுக்குள்ளேயே இருக்கிற கலைக்கூடம் அது. தூண்கள் 985. சிற்பத்தை எல்லாம் ரசித்தோம், ரசிக்காமல் என்ன? ஆனால் அந்த மண்டபம் கட்டி முந்நூற்றைம்பது வருசத்துக்கு மேல் நம் ஆட்கள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டவர்கள் கோயிலுக்குள் நுழைந்த பிறகுதான் வாசல் திறந்தது. திறந்ததும் பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். காந்தியும் 1946இல்தான் அந்தக் கோயிலுக்குள் போனார். எல்லோருக்கும் திறந்தால்தான் வருவேன் என்று நின்றது அவருடைய நேர்மை, அதை மறுக்கவில்லை. ஒரு பையன் கேட்டது வேறு: "தூணைச் செதுக்கும்போது கல்லைத் தூக்கிக் கொடுத்தவங்க உள்ள வந்திருப்பாங்கள்ல? கட்டி முடிச்சதும் வெளிய போகச் சொன்னாங்களா?" திருமலை நாயக்கர் மகாலிலும் இதே பாட்டுத்தான். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்று மதுரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மண் சுமந்தது யார் என்று யாரும் சொல்வதில்லை. பிட்டுக்காக ஒரு கூடை மண் சுமந்த கடவுளுக்கு ஆவணியில் திருவிழா நடக்கிற ஊர் இது.

கீழடியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர். தென்னந்தோப்புக்குள் ஒரு மேடு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதன் முதல் ஆய்வாளர்கள் என்பதை எங்கள் பிள்ளைகளிடம் முதலில் சொன்னேன். 1970களில் கிணறு தோண்டும்போது வெளியே வந்த செங்கல், ஓடு பற்றிப் பிள்ளைகள் சொல்ல, ஆசிரியர் பாலசுப்பிரமணியம் அவற்றைப் பள்ளியிலேயே சேர்த்து வைத்தார். நாற்பது வருசம் கழித்துத்தான் மத்திய தொல்லியல் துறை வந்தது. 2014இல் தொடங்கி அமர்நாத் ராமகிருஷ்ணா இரண்டு கட்டம் தோண்டினார். 2017இல் அவரை அசாமுக்கு மாற்றினார்கள். 2018இலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டுகிறது. 2023இல் அமர்நாத் கொடுத்த 982 பக்க அறிக்கையை 2025இல் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் குழப்பம் எதுவும் வேண்டாம். மண்ணிலிருந்து வந்ததை மறைக்கிறவன் பக்கம் நாம் நிற்க முடியாது.

2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்டது. முற்றமும் தூணும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் யார் வீட்டு முற்றம் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது கிடக்கட்டும். உள்ளே இருப்பது ராசா வாள் இல்லை. நூல் நூற்கிற தக்களி, விளையாட்டுக் காய், பாசிமணி, உறைகிணற்று வளையம், பொன்னணித் துண்டுகள், அப்புறம் பானை ஓடு. ஓடு, ஓடு, ஓடு. முதல் தோழரின் 'ஆண்டவனுங்க அலமாரி' கணக்கு இங்கே செல்லாது. புழங்கினவர்களின் பொருள் இது.

தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 என்கிறது 2019இல் வந்த மாநில அரசின் அறிக்கை. காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது. ஆதன் என்று ஒரு பெயர். குவிரன் என்று ஒரு பெயர். சூளையில் சுட்ட பானையில் யாரோ கீறிப் பெயரை எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ஒன்பதாவது படிக்கிறவன் கேட்டான்: "பேரு எழுதுனது பானை செஞ்சவரா, வாங்குனவரா?"

தோழர்களே, இந்த ஒரு கேள்விக்காக அந்த நாலு நாள் சம்பள லீவும் தகும். செய்தவர் எழுதினாரா, வாங்கினவர் எழுதினாரா என்பதில்தான் எழுத்து யார் கையில் இருந்தது என்கிற கேள்வியே இருக்கிறது. வீட்டு வீட்டுக்குச் சாதாரண சனம் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்றால், அந்த எழுத்தை எங்கள் கையிலிருந்து பிடுங்கியது எப்போது? கீழடி இன்று சிவகங்கை மாவட்டம். 1985 வரை அது ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. நான் முன்னால் படித்த கட்டளைகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அதே ஜில்லா. பொன் போடாதே. மண்பாண்டத்தில்தான் பொங்கு. பிள்ளையைப் படிக்க வைக்காதே. இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் பெயர் எழுதின பானையும் பொன்னும் புழங்கிய மண்ணில், 1931இல் பானை மட்டும்தான் உனக்கு, எழுத்தும் பொன்னும் இல்லை என்று ஆகியிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? கண்ணாடிப் பெட்டிக்கும் அந்தக் கட்டளைக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளிக்கு எந்த அருங்காட்சியகத்தில் ஒரு அறை இருக்கிறது?

இரண்டாவது தோழர் 'சாதி இல்லை' என்றாரே, அதற்கு வருகிறேன். மேடையில் சொல்ல நன்றாக இருக்கிறது. நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் சாதி மண்ணுக்குள் எப்படிக் கிடைக்கும்? அதற்கு எலும்பு உண்டா, ஓடு உண்டா? அந்த அறிக்கையில் விலங்கு எலும்புகள் பற்றியும் இருக்கிறது. மாடு, எருமை, ஆடு சேர்ந்து பாதிக்கு மேல், 53 விழுக்காடு. உடனே நம்மில் ஒருவர் "பாத்தீங்களா, மாட்டுக்கறி தின்னவங்க நாங்கதான்" என்று குதிக்கிறார். குதிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. எலும்பு இருப்பதால் தின்றார்கள் என்று ஆகாது, ஏரில் பூட்டவும் மாடு வேண்டும். அப்படியே தின்றிருந்தாலும் எல்லோரும் தின்றார்களா, அறுத்தவனை மட்டும் ஒதுக்கினார்களா, எலும்பு சொல்லாது. பக்கத்திலேயே கொந்தகையில் முதுமக்கள் தாழிகள். "எல்லாரையும் ஒரே இடத்துலயா பொதச்சாங்க, இப்ப மாதிரி தனித்தனியா?" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். இந்த வயதில் அவனுக்கு அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுடுகாட்டுப் பாதை நம் ஊர்களில் எத்தனை பிரிவு என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். இன்னும் இரண்டாயிரம் வருசம் கழித்து ஒருவன் வந்து மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு டீக்கடை இருந்த இடத்தைத் தோண்டுகிறான். ஒரு குழியில் கண்ணாடி டம்ளர் கிடைக்கிறது. பத்தடி தள்ளி, வெளிச்சுவர் ஓரம், அலுமினிய டம்ளரும் ஒரு சிரட்டையும் கிடைக்கின்றன. அவன் யோக்கியமான ஆய்வாளன்தான். அறிக்கையில் என்ன எழுதுவான்? 'இம்மக்கள் இரு வகைக் குவளைகளைப் பயன்படுத்தியுள்ளனர்.' அவ்வளவுதான். உத்தப்புரத்தில் 1989இல் கட்டின சுவரை, 2008 மே மாதம் ஒரு பகுதி இடித்துப் பாதை விட்டார்களே, அந்தச் சுவரின் அடித்தளத்தைத் தோண்டினால்? 'ஊரில் பாதுகாப்பு அரண் இருந்தது.' பாதுகாப்பு என்பது உண்மைதான். யாருக்கு எதிராக என்று செங்கல்லில் எழுதியிருக்காது.

இப்போது நிலைமை அதைவிட மோசம். பல கடைகளில் இரண்டு டம்ளர் இல்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. எங்கள் பயணத்தில் ஒரு ஊரில் டீக்கு நிறுத்தினோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னோம். எங்களுக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிளாஸ். சுத்தம், சுகாதாரம் என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. பேப்பர் கப் குடித்ததும் கசங்கி, மழையில் மட்கிப் போகும். தோண்ட வருகிறவனுக்கு ஒன்றுமே கிடைக்காது. 'இவ்வூரில் ஒரே வகைக் குவளை' என்று எழுதிவிட்டுப் போவான். நம் பேரப்பிள்ளைகளும் மேடையில் 'சாதி இல்லாத சமூகம்' என்று கைதட்டுவார்கள்.

அதனால்தான் நான் கீழடியைப் பிள்ளைகளுக்கு ஒரு பதிலாகக் காட்ட மறுக்கிறேன். அங்கே சாதி இருந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்பதை நிரூபிக்கப் பானையால் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

கடைசி நாள் நாங்கள் போன இடம் அருங்காட்சியகம் இல்லை. மேலவளவு. 1997 ஜூன் 30ஆம் தேதி ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்களே, அவர்கள் கிடக்கிற இடம். விடுதலைக் களம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தேர்தலில் நின்றது, ஜெயித்தது, நாற்காலியில் உட்காரப் போனது, இவ்வளவுதான் குற்றம். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசாங்கம் முன்கூட்டியே வெளியே விட்டது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபிறகு வழக்கம்போல ஒரு கேள்வி வந்தது. "அண்ணே, அந்த பஸ் எங்க?"

யோசித்துப் பாருங்கள், சரியான கேள்வி. அமெரிக்காவில், மாண்ட்கோமரி ஊரில், 1955 டிசம்பர் 1ஆம் தேதி வெள்ளைக்காரனுக்கு எழுந்து இடம் விட மாட்டேன் என்று ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்த பஸ், பல வருசம் ஒரு வயக்காட்டில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற கொட்டகையாகக் கிடந்தது. 2001இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, வைத்திருக்கிறது. யாரும் ஏறி உட்காரலாம். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில், நிறவெறி அருங்காட்சியகம் 2001இலிருந்து இருக்கிறது. அங்கே டிக்கெட்டிலேயே 'வெள்ளையர்', 'வெள்ளையர் அல்லாதவர்' என்று அச்சடித்து, வருகிறவன் யார் என்று பார்க்காமலே கையில் கொடுக்கிறார்கள். வாசலும் இரண்டு. புருசன் ஒரு வாசல், பொண்டாட்டி ஒரு வாசல் என்று பிரிந்து போக வேண்டியிருக்கும். ஒரு பத்து நிமிசம் அப்படி நடந்தால்தான் உள்ளே இருக்கிற படத்துக்கு அர்த்தம் புரியும் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு டம்ளர் வைத்த டீக்கடை ஒன்றை இப்படி யாராவது நம் ஊரில் கட்டினால், முதலில் யார் வழக்குப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கட்டுவது யார் என்பது பிறகு. சேர்ப்பது யார் என்பதுதான் இப்போதைய பிரச்சினை. நான் வங்கியில் குமாஸ்தா. எந்தப் பத்திரத்தை வைத்திருக்க வேண்டும், எதை எத்தனை வருசத்தில் கிழித்துப் போட வேண்டும் என்பதற்கு எங்களிடம் விதி இருக்கிறது. கடனும் உரிமையும் சம்பந்தப்பட்ட காகிதத்தைக் கடைசிவரை யாரும் கிழிக்க மாட்டார்கள். நம் வீடுகளில் நேர்மாறு. பஞ்சமி நிலத்துப் பட்டா கூரை இடுக்கில் கரையான் தின்கிறது. ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிட வைத்து எழுதி வாங்கின மன்னிப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டோம், அவமானமாக இருந்ததால்.

இதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பழைய பொருள் கேட்டார்கள். ஒரு பையன் தன் அம்மாச்சியிடம் டீ குடித்த சிரட்டை இருக்கிறதா என்று கேட்டான். கிழவி கோபப்பட்டுவிட்டது. "அதை எதுக்குடா கேக்குற? எரிச்சு வெந்நி வச்சுக் குளிச்சாச்சு. ஒன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது சிரட்டையைத் தேடுறதுக்கா?" பறை விசயத்தில் இன்னும் கடுமை. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானம் போட்டு, அடி வாங்கி, அதில் நின்றவர்கள். "நாங்க கஷ்டப்பட்டு இறக்கி வச்சதைத் தூக்கி நடுவீட்டுல மாட்டப் போறீகளா?" என்கிறார்கள். இன்னொரு பக்கம், பறையை விடுதலைக் கலையாகக் கற்று மேடை ஏறுகிற தம்பிமார்கள். அவர்களுக்கு அது பெருமை. இரண்டு பக்கமும் கண்ணில் தண்ணீர் வரப் பேசினார்கள்.

என் நிலைப்பாட்டை அங்கேயும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அம்மாச்சி சிரட்டையை எரித்தது சரி. அதைக் கையில் கொடுத்தவன் வெட்கப்பட வேண்டிய பொருள் அது, வாங்கினவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்று நாம் சொல்லலாம். ஆனால் குடித்த வாய்க்குத்தான் அதன் கசப்பு தெரியும். அவர் விருப்பமில்லாமல் அவர் வீட்டுப் பொருளை எடுத்து வைத்தால், தர்ஸ்டன் மூக்கை அளந்ததற்கும் நாம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அதனால் பொருள் இல்லாவிட்டாலும் சொல்லை வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். சிரட்டை இருக்க வேண்டிய இடத்தில், எரிச்சாச்சு என்று அவர் சொன்னது எழுதி இருக்கும். பறை இருந்தால், பக்கத்திலேயே அடிக்க மாட்டோம் என்று போட்ட தீர்மானத்தின் தேதியும், போட்டவர்கள் பெயரும் இருக்கும். ஒன்று இல்லாமல் மற்றது இருக்கக் கூடாது. தம்பிமார்கள் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

இதுவரை வந்தவை: செருப்போடு தெருவில் நடந்ததற்காக அடி வாங்கினவரின் அந்த ஒற்றைச் செருப்பு, மகன் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. இரண்டு முதல் தகவல் அறிக்கை நகல். ஒரு பித்தளைக் குடம். குடம் எதற்கு என்று கேட்டால், 'எங்க ஆத்தா முதல்முதல்ல மண்குடத்தை விட்டுட்டு இதுல தண்ணி எடுத்துக்கிட்டு ஊர் நடுவ வந்துச்சு' என்று கொடுத்தவர் சொன்னார். சைக்கிள் ஒன்று வருவதாக இருக்கிறது.

அரையாண்டு லீவில் மாலைப் பள்ளித் திண்ணையிலேயே இவற்றை வைக்கப் போகிறோம். திண்ணைக்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது, தொட்டுப் பார்க்கலாம். பொருள் தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பொருளோடு, அது யார் வீட்டில் இருந்தது, யார் கொடுத்தார்கள் அல்லது யார் தடுத்தார்கள், எந்த வருசம் என்பதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் போதும். எழுத 23 பேர் இருக்கிறார்கள், எல்லோரிடமும் நோட்டு பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.